சுங்கை சிப்புட்டில் முப்பது வெள்ளி டிக்கெட்

புதன், 6ஆம் தேதி

ஈப்போவைத் தாண்டியதும் ரயில் ஜன்னலில் சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வர ஆரம்பித்தன. கே.எல். சென்ட்ரலில் ஏறும்போது இருந்த தூக்கம் போய்விட்டது. அடுத்து இறங்க வேண்டியது சுங்கை சிப்புட்.

இந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். அப்புறம், 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் அதற்குப் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, 12 வருட அவசரகாலம் தொடங்கிய ஊர். நான் வந்திருப்பது வேறொன்றுக்காக. வரும் சனிக்கிழமை ராத்திரி இங்கே ஒரு தமிழ் ராக் நிகழ்ச்சி. டிக்கெட் 30 வெள்ளி, அதாவது 30 ரிங்கிட்.

டிக்கெட் என்பதுதான் இதில் பெரிய விஷயம். தோட்டப்புறத்தில் நம் பிள்ளைகள் வாசிக்காத இடமில்லை. கோவில் திருவிழா, கல்யாண விருந்து, கட்சிக் கூட்டம் என்று வருடம் முழுக்க மேடை கிடைக்கிறது. ஆனால் எதற்கும் டிக்கெட் கிடையாது. காசு கொடுப்பவர் ஒருவர், கேட்பவர்கள் வேறு. பத்து வருடம் இப்படி வாசித்த ஒரு குழுவிடம் "உங்கள் பாட்டைக் கேட்க எத்தனை பேர் காசு கொடுப்பார்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அந்தப் பதில் இல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு படி ஏற முடியாது.

நான் ஒரு குழுவுக்கு மேனேஜர். ஐந்து பேர், எல்லாரும் கிள்ளான் பக்கம். குழுவுக்கு வரும் வருமானத்தில் எனக்கு 15 விழுக்காடு. பொதுவாக 15 முதல் 20 வரை வாங்குவார்கள். புரமோட்டர் வேலை வேறு. மண்டபம் பிடிப்பது, உரிமம் எடுப்பது, டிக்கெட் விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. நஷ்டம் வந்தாலும் அவர் கைக்காசுதான். சனிக்கிழமை நிகழ்ச்சியின் புரமோட்டர் 26 வயதுப் பெண். அப்பாவோடு சேர்ந்து கேனோப்பி, நாற்காலி, சவுண்ட் சிஸ்டம் வாடகைக் கடை நடத்துகிறாள். குழு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வேனில் வருகிறது. இவள் எப்படி வேலை செய்கிறாள் என்று பார்க்க நான் மூன்று நாள் முன்னால் வந்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு அவள் அப்பா லோரியோடு வந்திருந்தார். "தம்பி, மொதல்ல தே தாரிக் குடிச்சிட்டுப் போவோம்" என்றார். குடித்தோம். இன்றைக்கு இவ்வளவுதான்.

வியாழன், 7ஆம் தேதி

நிகழ்ச்சியை ஏன் 9ஆம் தேதி வைத்தாய் என்று அவளிடம் கேட்டேன். "சம்பளம்ணே" என்றாள்.

1955 வேலைச் சட்டப்படி போன மாதச் சம்பளத்தை இந்த மாதம் 7ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். அதற்கடுத்து வரும் முதல் சனிக்கிழமையைப் பிடித்திருக்கிறாள். ஆடி மாதத்தையும் தவிர்த்திருக்கிறாள். ஆடியில் தோட்டத்து அம்மன் கோவில் எல்லாவற்றிலும் திருவிழா நடக்கும், உறுமி மேளக் குழுக்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. நிகழ்ச்சியின் கடைசி மூன்று பாட்டுக்கு இங்குள்ள தோட்டத்து உறுமிப் பையன்கள் எங்கள் குழுவோடு வாசிக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் இந்த ஊரில் இதைச் செய்ய எனக்கு மனமில்லை.

காலையில் கோலா கங்சார் போய் நகராண்மைக் கழகத்தில் கேளிக்கை உரிமத்தின் மூலப் பிரதியை வாங்கி வந்தோம். ஆறு வாரத்துக்கு முன்பே விண்ணப்பித்திருந்தாள். போலீஸ் நிலையத்துக்கும் கடிதம் போயிருக்கிறது. இசை உரிமைக்காக, பாடல் உரிமைச் சங்கமான எம்.ஏ.சி.பி.க்குக் கட்ட வேண்டியதையும் கட்டிவிட்டாள். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போக வேண்டிய பணம் அது. எங்கள் பாடகரும் அங்கே உறுப்பினர் என்பதால், வாசிக்கும் பாடல்களின் பட்டியலை நாங்கள் ஒழுங்காகக் கொடுத்தால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. பல குழுக்கள் இந்தப் பட்டியலை எழுதுவதே இல்லை. தயவுசெய்து எழுதுங்கள். வெளிநாட்டுக் கலைஞர் வருவதாக இருந்தால் இத்தோடு, வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பலின் அனுமதியும் வேண்டும், அதன் விதிகளைப் பற்றியே தனியாக ஒரு நாள் எழுதலாம். 2023 ஜூலையில் செப்பாங்கில் நடந்த மூன்று நாள் விழா, வெளிநாட்டுக் குழு ஒன்று முதல் நாள் மேடையில் நடந்துகொண்ட விதத்தால் அப்படியே நின்றுபோனது. மிச்ச இரண்டு நாளுக்காகக் காத்திருந்த உள்ளூர்க் குழுக்களும் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மத்தியானம் கடையின் பின்பக்கம், மடித்து வைத்த கேனோப்பித் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டுதான், அட்டையில் வாய்ப்பாடு இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதி, மேலே சிவப்பில் கோடு போட்டிருந்தாள்.

அந்தக் கோட்டின் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் போனில் அவள் சொன்ன செலவு 7,200 ரிங்கிட். டிக்கெட் 25 வைத்தால் 288 விற்றால் போதும், மண்டபத்தில் 500 நாற்காலி என்றாள். சவுண்ட், லைட் எவ்வளவு என்று கேட்டேன். "அது நம்ம அப்பாவோடதுதானேண்ணே, அதுக்கு எதுக்குக் காசு?"

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பலர் விழுகிறார்கள். அப்பாவின் சாமான் இலவசம், அண்ணனின் வேன் இலவசம், அம்மாவின் சமையல் இலவசம் என்று ஒரு நிகழ்ச்சியை நடத்திவிடலாம். ஐந்தாவது நிகழ்ச்சியில் அப்பாவின் ஆம்ப் புகைந்து போகும், மாற்றக் காசு இருக்காது. அந்த சாமான் அன்றைக்கு வேறு கல்யாணத்துக்குப் போயிருந்தால் என்ன வாடகையோ அதை எழுது என்றேன். 4,800 என்று எழுதினாள். மண்டபம் 900. லோரி, வேன் 850. தங்குமிடம், சாப்பாடு 1,100. உரிமம், இசை உரிமை 450. போஸ்டர், பேனர் 400. பாதுகாவலர் 500. எங்கள் குழுவுக்கு உத்தரவாதத் தொகை 3,000. மொத்தம் 12,000.

25 வெள்ளி டிக்கெட்டில் 480 விற்க வேண்டும். 500 பேர் மண்டபத்தில் அது சூதாட்டம். 30 என்றால் 400. அதுவும் அதிகம்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அறுபது அறுபத்தைந்து விழுக்காடு நிரம்பினாலே போட்ட முதல் வந்துவிட வேண்டும் என்பதே என் கணக்கு. ஆனால் அவள் யோசித்து 30 என்று முடிவெடுத்தாள். செலவு போக மிஞ்சுவதில் குழுவுக்கு 85, அவளுக்கு 15 விழுக்காடு. உலகத்தில் பல இடங்களில் இந்தப் பங்குதான் வழக்கம். லெட் செப்பலினுக்கு மேனேஜராக இருந்த பீட்டர் கிராண்ட் 90 எங்களுக்கு, 10 உங்களுக்கு என்று புரமோட்டர்களிடம் சொன்னவர். எந்த ஊரில் வைத்தாலும் மண்டபம் நிரம்பும் என்ற உறுதி அவருக்கு இருந்தது. எங்களுக்கு இல்லை. இந்த ஊரில் ஆள் சேர்க்கப் போவது நாங்களில்லை, அவள்தான்.

அனுபவம் இல்லாத பெண்ணிடம் ஏன் கொடுத்தாய் என்று கே.எல். நண்பர்கள் கேட்டார்கள். லிவர்பூலில் குடும்பக் கடையின் ரெக்கார்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த பிரையன் எப்ஸ்டீன் 1962 ஜனவரியில் பீட்டில்ஸோடு ஒப்பந்தம் போட்டார். அதற்கு முன் அவர் எந்தக் குழுவுக்கும் மேனேஜராக இருந்ததில்லை. கடை நடத்தத் தெரியும், யார் எதை வாங்குவார்கள் என்று தெரியும். இவளுக்கும் அது தெரியும்.

நேற்று வரை 118 டிக்கெட். இன்று சாயங்காலம் சம்பளம் ஏறியதும் போன் ஓயவில்லை. ராத்திரி பத்து மணிக்கு 179.

வெள்ளி, 8ஆம் தேதி

சாயங்காலம் நாலு மணிக்கு அவளோடு ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் பால்மரம், இப்போது எல்லாம் செம்பனை. குலை வெட்டும் வேலை முடிந்து ஆட்கள் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லய வீட்டு வரிசையும் இப்படித்தான் இருந்தது. இப்போது அது இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது.

கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா. மகனும் மருமகளும் நான்கு டிக்கெட் கேட்டார்கள். பெரியம்மா மட்டும் டிக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒக்கார நாக்காலி இருக்கா?"

"இருக்கு பெரியம்மா. உங்க நம்பர் போட்ட நாக்காலி."

"கக்கூசு சுத்தமா இருக்குமா?"

"அதுக்குன்னு ரெண்டு அக்காவப் போட்டிருக்கேன்."

"எத்தன மணிக்கு முடியும்? எப்படித் திரும்பி வர்றது?"

"பத்தே முக்காலுக்கு முடியும். வேன் உங்க கோவில் வாசல்ல கொண்டாந்து விடும்."

பெரியம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாவது டிக்கெட் விற்றது.

தோட்டத்து ஜனம் முப்பது வெள்ளி கொடுக்காது என்று எத்தனை பேர் எங்களிடம் சொன்னார்கள்! அவர்களிடம் இந்த மூன்று கேள்விக்கும் யாரும் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இலவச நிகழ்ச்சியில் நம்பர் போட்ட நாற்காலியை எதிர்பார்க்க முடியாது, அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

ஆறு மணிக்குக் கடைக்குத் திரும்பினால் ஒரு பிரமுகரின் ஆள் காத்திருந்தார். செலவுக்குப் பத்தாயிரம் தருகிறோம், நுழைவு இலவசம் என்று அறிவியுங்கள், மேடையில் பேனர், நடுவில் அரை மணி நேரம் பேச்சு. உண்மையைச் சொல்கிறேன், நான் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அப்போது 260ஐத் தாண்டியிருந்தோம். 400க்கு இன்னும் எவ்வளவு தூரம்! ஆள் போனதும் அவளைத் தனியே கூப்பிட்டு, முதல் நிகழ்ச்சியிலேயே கையைச் சுட்டுக்கொள்ளாதே என்றேன்.

"அந்தப் பெரியம்மாகிட்ட என்னண்ணே சொல்றது? காசைத் திருப்பிக் குடுத்துட்டு சும்மா வாங்கன்னா? அடுத்த தடவை யாரு வாங்குவா?"

என்னிடம் பதில் இல்லை. சில வருடத்துக்கு முன் வேறொரு ஊரில், மேடைக்கு முன் பாதி, மேடைக்குப் பின் பாதி என்று பேசிய ஓர் ஏற்பாட்டாளர் பின்பாதியைக் கொடுக்காமலே போனார். பையன்களுக்கு என் கைக்காசைப் போட்டுத்தான் சம்பளம் கொடுத்தேன். அன்றிலிருந்து கையில் வரும் பணத்தை விடவே கூடாது என்ற பயம் எனக்குள் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயம்தான் இன்றைக்கு என் வாயில் பேசியது. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கடை மூடும்போது 292. குழு வந்து சேர்ந்துவிட்டது. கிட்டார் தம்பியின் நீண்ட முடியைப் பார்த்து அவள் அப்பா, 1992ல் முடி வளர்த்த ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம். திரையில் காட்டக் கூடாது என்று இருந்த காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னாலேயே பினாங்கிலிருந்து ஆறுமுகம் சகோதரர்கள் பந்து மாதிரி முடியோடு வந்து, அல்லிகேட்ஸ் என்ற பெயரில் மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்டதையும் சொன்னார். தமிழ்ப் பையன்கள் என்று அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது என்றார்.

சனி, 9ஆம் தேதி

ராத்திரி இரண்டு மணி. தூக்கம் வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதுக்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் மேடையின் வலது ஓரத்தைப் பார்த்தேன். ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் இருந்தது. மனது நிறைந்தது.

எங்கள் ரைடர், அதாவது புரமோட்டருக்கு நாங்கள் அனுப்பும் தேவைப் பட்டியல், நான்கு பக்கம். எத்தனை மைக், எத்தனை மானிட்டர், மின்சாரம் எவ்வளவு, யார் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது பக்கத்தின் நடுவில் இந்தச் செம்பை எழுதியிருக்கிறேன். வான் ஹேலன் குழுவிடம் கற்றது. 1982இல் அவர்களுடைய ரைடரில், கிண்ணத்தில் வைக்கும் எம் அண்ட் எம் மிட்டாயில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால் ரைடரை முழுக்கப் படிக்கவில்லை என்று அர்த்தம், உடனே எடை தாங்குமா, மின்சாரம் சரியா என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிப்பார்கள். செம்பு இருந்தால் படித்திருக்கிறாள். ஆனாலும் சோதித்தேன். மண்டபத்துச் சுவர் பிளக்கில் ஆம்ப்களையும் லைட்டையும் சேர்த்து மாட்ட முடியாது என்று ஜெனரேட்டர் கொண்டு வந்திருந்தாள். ஆம்ப் ஒரு லைனில், லைட் வேறு லைனில். சரியாக இருந்தது.

சரியில்லாதது கதவு. மண்டபத்தின் இரண்டு பக்கக் கதவுகளிலும் சங்கிலி, பூட்டு. டிக்கெட் இல்லாமல் ஆட்கள் புகுந்துவிடுவார்கள் என்று எப்போதும் அப்படித்தான் பூட்டுவார்களாம். அவள் அப்பாவே "ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம், தி ஹூ குழுவின் நிகழ்ச்சி. முன்னால் போனவருக்கு முன்னிடம் என்று இடம் குறிக்காத டிக்கெட். வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்க, திறந்த கதவுகள் கொஞ்சம்தான். நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பாட்டுக் கேட்கப் போன பிள்ளைகள். அதை அவர்களிடம் சொன்னேன். அவள் பேசாமல் போய் சாவி வாங்கி வந்தாள். சங்கிலியைக் கழற்றி லோரியில் போட்டாள். இரண்டு கதவுக்கும் ஆளுக்கொரு பாதுகாவலர், உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். நாங்களே பத்துத் தடவை தள்ளிப் பார்த்தோம்.

சவுண்ட் செக்கில் அதிக நேரம் எடுத்தது உறுமிதான். உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறு முகத்தில் அடிப்பார்கள். அடிக்கும் சத்தம் எப்படியும் கேட்கும். தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், அதுதான் உயிர், அது டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போனது. தேய்க்கும் முகத்துக்குத் தனி மைக் வைத்து, கிக்கின் கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, பேஸ் தம்பியை அந்த இடத்தில் மட்டும் மேல் ஸ்தாயியில் வாசிக்கச் சொன்னோம். உறுமிப் பையனுக்குப் பதினேழு வயது. தன் உறுமல் ஸ்பீக்கரில் திரும்பி வருவதை முதல் தடவை கேட்டபோது கையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். "என் உறுமியாண்ணே இது?" என்று கேட்டான்.

மக்ரிப் பாங்குக்கு எல்லாச் சத்தத்தையும் நிறுத்தினோம். பள்ளிவாசல் பக்கத்தில்தான். பாங்கு முடிந்து கதவு திறந்தது.

வாசலில் அவள் அம்மா பன்னீர்ச் செம்பும் சந்தனமும் கற்கண்டும் வைத்து நின்றார். கல்யாண வீட்டு வரவேற்பு. சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் மண்டபத்தை நடத்திய பில் கிரஹாம், வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள ஒரு பீப்பாய் நிறைய ஆப்பிள் வைத்திருப்பார். அந்தக் கதையை நான் இவளிடம் சொன்னதே இல்லை. கறுப்பு டீ சட்டை போட்ட பையன்கள் நெற்றியில் சந்தனத்தோடு உள்ளே போனார்கள்.

எட்டு மணிக்கு நல்ல மழை. கவுண்டரில் நின்றுகொண்டிருந்த கூட்டம் அவர்கள் கடையின் கேனோப்பிக்குக் கீழேயே நின்று டிக்கெட் வாங்கியது. எட்டரைக்கு அவள் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினாள். 403.

நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நான் மேடையைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பாட்டு பையன்களின் சொந்தப் பாட்டு, யாருக்கும் தெரியாது. கே.எல்.லில் அந்தப் பாட்டுக்குப் பலர் வெளியே போவார்கள். இங்கே யாரும் எழவில்லை. காசு கொடுத்து வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் உறுமி ஏறியதும் பெரியம்மாவின் வரிசை முழுக்க எழுந்து நின்றது. பெரியம்மா உட்கார்ந்தபடியே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, 10ஆம் தேதி

கணக்கை நள்ளிரவிலேயே முடித்துவிட்டோம். மண்டபத்து மேசையில் அவள், நான், நடுவில் பிஸ்கட் டின். டிக்கெட் அடிக்கட்டைகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, விற்காத டிக்கெட்டோடு கூட்டிப் பார்த்தோம். 431. ஆக 12,930 ரிங்கிட். 12,000 போக மிச்சம் 930. குழுவுக்கு 790.50. அவளுக்கு 139.50.

ஒவ்வொரு செலவுக்கும் ரசீதை எடுத்து வைத்தாள். அப்பாவின் 4,800க்கும் ரசீது. அதில் அப்பாவே கையெழுத்துப் போட்டிருந்தார். பையன்களின் சம்பளத்தை உறையில் போட்டு, பெயர் எழுதி, அவரவர் கையில் கொடுத்தாள். உறுமிக் குழுவுக்கும் தனி உறை, எங்கள் தொகையிலிருந்து. அவர்களுடைய மூத்தவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைக்கப் போனார். "எண்ணிப் பாருங்கண்ணே" என்று அவள் சொல்லி, எண்ணும் வரை நின்றாள்.

மூன்று மாத வேலைக்கு 139 வெள்ளி 50 காசு. தொழிலா இது என்று யாராவது கேட்பார்கள். நானும் யோசித்தேன். ஆனால் கடைக்கு அவர்களுடைய வாடகை வந்துவிட்டது, யாருக்கும் பாக்கி இல்லை, இந்த வட்டாரத்தில் காசு கொடுத்துக் கேட்கும் 431 பேர் யார் என்று அவளுக்குத் தெரியும். 1964ல் நியூயார்க்கில் ராக் குழுக்களுக்காகவே ஏஜென்சி தொடங்கிய ஃபிராங்க் பார்சலோனா, ஒவ்வொரு நகரத்திலும் ஓர் இளைஞரை நம்பிக் குழுக்களை அனுப்பினார். குழு சின்னதாக இருந்தபோது கூட நின்றவருக்கே, அது பெரிதான பிறகும் நிகழ்ச்சியைக் கொடுத்தார். பேராக்கில் எங்கள் குழு எங்கே வாசித்தாலும் இவளிடம்தான் என்று நேற்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு.

காலையில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அடிக்கட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்தோம். பின்பக்கத்தில் பெயரும் இடமும் எழுத ஒரு கோடு அச்சடித்திருந்தாள், முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்தார்கள். லிந்தாங் ஒரு கட்டு, ஜாலோங் ஒரு கட்டு, ஈப்போ 22. கோலா கங்சார் 38 என்று வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"அங்க ஒரு போஸ்டர்கூட ஒட்டலியேண்ணே."

மறுபடி எண்ணினாள். 38தான். ரயில் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் அந்தக் கட்டுக்கு மட்டும் இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு, நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே கோலா கங்சார் என்று எழுதி, கீழே முதல் வரியாக "சவுண்ட், லைட் – 4,800" என்று எழுதிக்கொண்டிருந்தாள்.